ஸ்பானியச் சொல் தேடும்போது ஆங்கிலத்தைச் சுற்றிப் போகாதீர்கள்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்களும் வழிகாட்டிப் பிள்ளைகளும் ஸ்பானிய மொழியில் மெனு, அறிவித்தல் எழுதும்போது விடுகிற பெரிய பிழை இது: தமிழில் நினைத்ததை ஆங்கிலமாக்கி, அந்தச் சொல்லுக்கு அகராதியில் முதலாவதாக நிற்பதை அப்படியே எடுத்துவிடுவது.

கன்னியா வெந்நீரூற்றையே பாருங்கள். 'ஊற்று' என்பதில் நமக்குக் குழப்பமே இல்லை. 'ஸ்பிரிங்' என்று தேடினால்தான் 'ப்ரிமவேரா' வந்து நிற்கும். அது வசந்த காலம். 'முவெய்யே' என்றும் வரும், அது சுருள்வில். கப்பலைக் கட்டி நிறுத்தும் துறைமேடைக்கும் அதே சொல்தான், ஆகவே துறைமுகத்தைக் காட்டும்போது சரி, கன்னியாவில் சரிவராது. ஊற்று என்றால் 'மனன்தியால்'. வெந்நீரூற்றை 'அகுவாஸ் தெர்மாலெஸ்' என்பார்கள். அங்கே இருப்பவை 7 கிணறுகள் என்பதால், கிணற்றைக் குறிக்கும் 'போஸோ'வையும் சேர்த்து எழுதுங்கள், இன்னும் விளங்கும்.

உறைப்பும் இப்படித்தான் மாட்டுகிறது. 'ஹொட்' வழியாகப் போனால் 'கலியென்தே' கிடைக்கும், அது சூடு. நண்டுக் கறிக்குப் பக்கத்தில் அதை எழுதினால், உறைப்புத் தாங்காதவரும் சுடச்சுடக் கறி என்று நம்பி வாங்கிவிடுவார். எழுத வேண்டியது 'பிக்கான்தே'. வெயிலில் வேகிறது என்று சொல்லவும் 'கலியென்தே' வேண்டாம். ஆளைப் பற்றிச் சொன்னால் அது காமத்தைக் குறித்துவிடும். 'தெங்கோ கலோர்' என்றால் போதும்.

தமிழிலிருந்து நேரே போனாலும் கவனம் வேண்டும். நமக்கு எல்லாம் மீன்தான். அவர்களுக்கோ புறாத்தீவுப் பவளப்பாறையில் நீந்துவது 'பெஸ்', பிடித்துச் சமையலுக்கு வந்தது 'பெஸ்காதோ'. சில பெயர்கள் மட்டும் மாறுவதில்லை: வாள்மீன் தட்டில் கிடந்தாலும் 'பெஸ் எஸ்பாதா'தான். 'கேட்டார்' இன்னும் சிக்கல். வழி கேட்டால் 'ப்ரெகுந்தார்', பில் கேட்டால் 'பெதிர்', சத்தம் காதில் விழுந்தால் 'ஓயிர்', காது கொடுத்துக் கேட்டால் 'எஸ்குச்சார்'.

எடுத்த சொல்லைத் திருப்பித் தேடிப் பாருங்கள். ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. சொல் ஆண்பாலா பெண்பாலா என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். ஆண்பாலில் 'எல் பெஸ்' மீன், பெண்பாலில் 'லா பெஸ்' தார் போன்ற கீல். நாட்டையும் யோசியுங்கள். பஸ் எடுப்பதற்கு ஸ்பெயினில் 'கொஹெர்' சாதாரணச் சொல், ஆர்ஜென்டினாவிலும் மெக்ஸிகோவிலும் கெட்ட வார்த்தை. 'தொமார்' என்று சொன்னால் இரண்டு பக்கத்தாருக்கும் பொருந்தும்.