பயன்படுத்திய கார் வாங்குமுன்: ரீகாலையும் மாடலின் தீராக் கோளாறுகளையும் சரிபார்க்கும் முறை

பயன்படுத்திய கார் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெயின்ட்டையும் டயரையும் ஓடிய கிலோமீட்டரையும் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பே, காரின் பக்கத்தில் போகாமலே விடை கண்டுவிடக்கூடிய இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பாதுகாப்புக் குறைபாடு ஒன்றுக்காக உற்பத்தியாளர் இந்தக் காரைத் திரும்ப அழைத்திருக்கிறாரா, அதாவது ரீகால் அறிவித்திருக்கிறாரா, அழைத்திருந்தால் அந்த வேலை இந்தக் காரில் முடிந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. இந்த மாடலில், இந்த என்ஜினும் கியர்பாக்ஸும் கொண்ட கார்களில், பலருக்கும் திரும்பத் திரும்ப வந்த கோளாறு எது என்பது இரண்டாவது. முதலாவதில் உயிராபத்து இருக்கலாம். ஆனால் பல நாடுகளில் அதை உற்பத்தியாளரே இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். இரண்டாவதற்கு எந்த உத்தரவும் வராது, செலவு முழுவதும் வாங்கியவர் தலையில்தான் விழும். ரீகால் என்ற சொல்லைக் கேட்டதும் காரை ஒதுக்கிவிடுகிறவர்கள், பழுதான கியர்பாக்ஸ் உள்ள காரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவதற்கு இந்த வேறுபாட்டைக் கவனிக்காததே காரணம்.

சேசிஸ் எண்ணில் தொடங்குங்கள்

ரீகால் தேடலுக்கு மாடல் பெயரும் ஆண்டும் போதாது. சேசிஸ் எண் வேண்டும். 1980-களின் தொடக்கத்திலிருந்து பெரும்பாலான கார்களில் இது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டதாக இருக்கிறது. முன் கண்ணாடியின் அடியோரத்திலும், கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலும், என்ஜின் அறையிலோ இருக்கைக்கு அருகே தரைத் தகட்டிலோ பொறித்த இடத்திலும் இதைக் காணலாம். எந்தெந்த இடம் என்பது காருக்குக் கார் மாறும். குறைந்தது இரண்டு இடங்களில் பார்த்து, அதைப் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஸ்டிக்கர் உரிக்கப்பட்டிருந்தாலோ, பொறித்த இடத்தில் தேய்த்த தடமோ புதிய பெயின்ட்டோ தெரிந்தாலோ, மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் காரை விட்டுவிடலாம்.

எண்ணைக் கையால் எழுதிக்கொள்ளாமல் படம் எடுத்துக்கொள்வது நல்லது. இந்த எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வருவதே இல்லை. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்பதால் அவற்றை விலக்கிவிட்டார்கள். ஆகவே விற்பவர் அனுப்பிய எண்ணில் ஓ என்று தெரிந்தால் அது பூஜ்யம்தான். வட அமெரிக்கக் கார்களில் ஒன்பதாவது இடம் சரிபார்ப்புக்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பதால், தவறாக அடித்த எண் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். மற்ற நாடுகளில் இந்தக் காவல் எல்லாக் கார்களுக்கும் இல்லை. ஓர் எழுத்து பிசகினால் வேறொருவருடைய காரின் பதிலைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட நேரும்.

எண் கையில் வந்ததும், உற்பத்தியாளரின் இணையதளத்தில் ஒரு முறையும், அரசுத் தளம் இருந்தால் அதில் ஒரு முறையும் தேடுங்கள். அமெரிக்காவில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துத் தேடலாம். பிரிட்டனில் அரசுத் தளத்தில் ரீகால் விவரத்தோடு, ஆண்டுப் பரிசோதனையின் பழைய முடிவுகளும் அப்போது குறித்த ஓடிய தூரக் கணக்கும்கூடக் கிடைக்கின்றன. இந்தியாவில் உற்பத்தியாளர்கள் 2012 முதல் தாமாகவே ரீகால் அறிவித்துவந்தார்கள். திரும்ப அழைக்குமாறு உத்தரவிடும் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அரசுக்குக் கொடுத்தது. அங்கும் பல நிறுவனங்களின் தளங்களில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

“எதுவும் இல்லை” என்ற பதிலை எப்படி வாசிப்பது

தேடலில் ஒன்றும் வரவில்லை என்றால் கார் சுத்தம் என்று பொருள் கொள்ளக் கூடாது. அமெரிக்க அரசுத் தளத்தை எடுத்துக்கொண்டால், அது நிலுவையில் உள்ள ரீகால்களை மட்டுமே காட்டும், முடிந்துபோனவற்றைக் காட்டாது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ரீகால்களும், மிக அண்மையில் அறிவிக்கப்பட்டு எண் வாரியாகப் பட்டியல் ஏறாதவையும், வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரித்த கார்களும் விடுபட்டுப்போகலாம். இந்தக் கடைசி வகைதான் அதிகம் ஏமாற்றும். ஒரு நாட்டில் ஓடி, கப்பலேறி இன்னொரு நாட்டுக்கு வந்த காருக்கு இங்குள்ள பட்டியலில் இடமே இருக்காது. அப்படிப்பட்ட காரை அது முதலில் விற்கப்பட்ட நாட்டின் தளத்தில் தேடுவதே முறை.

ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம் நல்ல சாட்சி. சாவிக் கொத்தின் பாரமோ ஒரு குலுக்கலோ போதும், ஓடும் காரில் சுவிட்ச் நழுவி என்ஜின் அணைந்துவிடும். கூடவே ஏர்பேக்கும் செயலிழந்துவிடும். 2014-இல் வெளிவந்த அந்த ரீகால் முதலில் சில ஆண்டுக் கார்களோடு நின்றது. சுவிட்சின் வடிவத்தை இடையில் திருத்தியபோது உதிரிபாக எண்ணை மாற்றாமல் விட்டிருந்ததால், பிந்தைய ஆண்டுக் கார்களிலும் பழுதுபார்ப்பின்போது பழைய சுவிட்ச் பொருத்தப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்து, பின்னர் அவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள்.

டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரம் இதைவிடப் பெரியது. ஏர்பேக்கை ஊதச் செய்யும் அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஆளாகும்போது தன்மை கெட்டு, மோதலின்போது தேவைக்கு மேல் வேகமாக எரிந்து, தன்னை அடக்கிய உலோகக் கூட்டையே சிதறடித்துவிடும். காக்க வேண்டிய ஏர்பேக்கிலிருந்து உலோகத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக் ஊதிகள் இதில் அடங்கின. 2017-இல் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. வாங்குபவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இதில் உண்டு. தொடக்கத்தில் சில கார்களில் பழையதை எடுத்துவிட்டு, அதே வகைப் புதிய ஊதியையே தற்காலிகமாகப் பொருத்தினார்கள். அவற்றைப் பின்னால் மீண்டும் மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே “ஏர்பேக் மாற்றியாகிவிட்டது” என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அது கடைசி மாற்றமா என்பது தனிக் கேள்வி.

இதைத் தீர்க்கும் வழி எளியது. அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தைத் தொலைபேசியில் அழைத்து, சேசிஸ் எண்ணைச் சொல்லி, இந்தக் காருக்கு இதுவரை வந்த ரீகால்கள் எவை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் முடிந்தது, மாற்றியது மென்பொருளா உதிரிபாகமா என்று கேளுங்கள். நிலுவையில் ஏதேனும் இருந்தால், உதிரிபாகம் இப்போது கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். ரீகால் அறிவிப்பு முதலில் வந்து, பாகம் பல மாதங்கள் கழித்து வருவது வழக்கம். ஸ்டிக்கர் மாற்றம், மென்பொருள் புதுப்பிப்பு போன்றவை நிலுவையில் இருப்பதற்காகக் காரை விட வேண்டாம். ஏர்பேக், பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் கசிவு, தீப்பிடிக்கும் வாய்ப்பு ஆகியவற்றில் ஒன்று நிலுவையில் இருந்தால், விற்பவரே வேலையை முடித்துத் தரட்டும், அதன் பிறகு பணம் கொடுக்கலாம் என்பதே என் நிலை. ஓட்டவே வேண்டாம், கட்டடத்துக்குள் நிறுத்த வேண்டாம் என்று உற்பத்தியாளரே எச்சரித்திருக்கும் காரைச் சோதனை ஓட்டத்துக்குக்கூட எடுக்காதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. செவர்லே போல்ட் மின்காரில் பேட்டரி தீப்பற்றும் குறை தெரியவந்தபோது, பல கார்களுக்குப் பேட்டரித் தொகுதியையே புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். அப்படி மாற்றிய காரின் உடல் பழையது, ஆனால் அதன் மிக விலையுயர்ந்த பாகம் புதியது. ரீகால் முடிந்த கார் சில வேளைகளில் மற்றதைவிட மேலானது.

மாடலின் பொதுக் கோளாறுகள்

இங்கே தேட வேண்டியது மாடல் பெயரை அல்ல, என்ஜினையும் கியர்பாக்ஸையும். ஒரே மாடலில் ஒரு கார் பொன்னாகவும் இன்னொன்று தலைவலியாகவும் இருக்கும். ஃபோர்டின் ஃபோகஸ், ஃபியஸ்டா கார்களில் 2010-களின் முதல் பாதியில் வந்த பவர்ஷிஃப்ட் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், மெதுவாக நகரும்போது உதறுவதற்குப் பேர்போனது. அதே கார்கள் கையால் மாற்றும் கியரோடு வந்தபோது அந்தத் தொல்லை இல்லை. பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல் என்ஜினில் டைமிங் செயின் (என்ஜினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் சங்கிலி) பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக அமைந்திருப்பதால், அது தேய்ந்தால் என்ஜினையே இறக்கிச் செய்யும் அளவுக்கு வேலை பெருகிவிடும். ஃபோர்டின் 1.0 ஈக்கோபூஸ்ட், பெஜோ, சிட்ரோன் கார்களின் 1.2 பியூர்டெக் ஆகிய என்ஜின்களில் எண்ணெயில் நனைந்தபடி ஓடும் டைமிங் பெல்ட் இருந்தது. அது சிதைந்து உதிரும் துகள்கள் எண்ணெய் வடிகட்டியை அடைத்து, என்ஜினுக்கு எண்ணெய் ஏறாமல் செய்துவிடும். இப்படிப்பட்ட என்ஜினுள்ள காரில், சரியான தர எண்ணெய் சரியான இடைவெளியில் மாற்றப்பட்டதற்கான சர்வீஸ் ரசீதுகள் இல்லாவிட்டால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

இணையத்தில் உரிமையாளர்கள் எழுதும் புகார்களை அப்படியே நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். அதிகம் விற்ற காருக்குப் புகாரும் அதிகம் வரத்தான் செய்யும். ஒரே பாகம், ஏறத்தாழ ஒரே கிலோமீட்டர், ஒரே அறிகுறி என்று ஒருவரையொருவர் அறியாத பலர் எழுதியிருந்தால் அதுவே பொருட்படுத்தத் தக்கது. ஜெர்மனியின் டியூவ் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை கட்டாயப் பரிசோதனையில் அகப்பட்ட குறைகளைத் தொகுப்பதால் பயனுள்ளது. ஆனால் அதில் பிரேக், விளக்கு, சஸ்பென்ஷன் போன்றவைதாம் தெரியும். தேயும் டைமிங் செயினோ உதறும் கியர்பாக்ஸோ அதில் அகப்படாது. உற்பத்தியாளர்கள் தங்கள் டீலர்களுக்கு அனுப்பும் தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளும் உண்டு. அவை ரீகால் அல்ல. இன்ன அறிகுறி வந்தால் இதை மாற்றுங்கள் என்ற குறிப்புகள் மட்டுமே. ஒரு கோளாறுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறது என்றால், அது பரவலானது என்பதை உற்பத்தியாளரே அறிந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

காரின் முன் நிற்கும்போது

தேடலில் கிடைத்த இரண்டு மூன்று கோளாறுகளைக் குறித்துக்கொண்டு போங்கள். அவற்றை மட்டும் குறிவைத்துப் பாருங்கள். நீங்கள் வரும்வரை என்ஜினை இயக்க வேண்டாம் என்று முன்கூட்டியே விற்பவரிடம் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜின் எழுப்பும் ஓசையை நீங்கள் கேட்க வேண்டாம் என்று யாரோ நினைத்திருக்கலாம். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் முதல் சில விநாடிகளில்தான் கடகடவென்று கேட்கும். பிறகு எண்ணெய் அழுத்தம் ஏறி அடங்கிவிடும்.

சாவியைத் திருப்பியதும், என்ஜினை இயக்கும் முன், டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கும் என்ஜின் விளக்கும் எரிய வேண்டும். ஏர்பேக் விளக்கு சில விநாடிகளில் தானே அணைய வேண்டும். தொடர்ந்து எரிந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம், விளக்கையே யாராவது துண்டித்திருக்கலாம்.

காரின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படித்துக் காட்டும் ஒரு சிறிய ஓபிடி ஸ்கேனரைக் கொண்டுபோவது மிகுந்த பயன் தரும். கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்று காட்டினால் அதோடு நின்றுவிடாதீர்கள். குறியீடுகளை அன்று காலையில்தான் அழித்திருக்கலாம். அழித்ததும், காரின் கணினி, புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி, ஆக்சிஜன் சென்சார் முதலியவற்றுக்கான தன் சோதனைகளை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும். அதற்குப் பலவகை வேகங்களில் ஓரளவு தூரம் ஓட வேண்டும். ஸ்கேனரில் தயார்நிலைப் பகுதியைத் திறந்து பார்த்தால், முடியாத சோதனைகள் பல ஒன்றாகத் தெரியும். பல கார்களில் குறியீடு அழித்த பிறகு ஓடிய தூரமும் தெரியும். எட்டு கிலோமீட்டர் என்று அங்கே கண்டால், பேட்டரி மாற்றினேன் என்று விற்பவர் சொல்லலாம், உண்மையாகவும் இருக்கலாம். சில நாள் ஓட்டிவிட்டு வாருங்கள், மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா என்பதை உதிரிச் சக்கரத்தின் பள்ளத்திலும், இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளிலும் படிந்த வண்டலும் துருவும் காட்டிக்கொடுக்கும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துக் கடைசி முனையையும் பாருங்கள். இருக்கையைக் கழுவியவர்கள் அந்த முனையை மறந்துவிடுவார்கள். கடைசியாக, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாகப் பார்க்கச் சொல்லாமல், நீங்கள் குறித்துவைத்த கோளாறுகளை அவரிடம் சொல்லிப் பார்க்கச் சொன்னால், அதே நேரத்தில் இருமடங்கு விவரம் கிடைக்கும்.

வாங்கிய பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ரீகால் கடிதம் உற்பத்தியாளரின் பதிவேட்டில் உள்ள முகவரிக்கே போகும். அது பழைய உரிமையாளரின் முகவரியாக இருந்தால், கடிதம் அவர் வீட்டுக் குப்பைத்தொட்டியில் முடியும். உரிமை மாற்றம் முடிந்ததும் சர்வீஸ் மையத்தில் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதே சேசிஸ் எண்ணைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். பத்தாண்டு ஓடிய காருக்கும் புதிதாக ரீகால் வருவதுண்டு.