மேஸ்திரி கூட்டி வந்த ஆளுக்கும் நாம்தான் பொறுப்பு

2019-இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டாம் தளத்துக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தோம். முட்டு சரிந்து ஒரு தம்பி கீழே விழுந்தான். 30 வயது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சென்ட்ரிங் வேலையை, அதாவது கான்கிரீட் போடப் பலகையும் முட்டும் கொடுக்கும் வேலையை, ஒரு மேஸ்திரியிடம் சதுர அடிக் கணக்கில் விட்டிருந்ததால், அவன் பெயரே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அவர் என் ஆள் இல்லை" என்று தொழிலாளர் அலுவலகத்தில் சொன்னேன். எடுபடவில்லை. கட்டடம் கட்டுவது என் தொழில். அந்த வேலையை இன்னொருவர் மூலம் செய்தாலும், அடிபட்டவருக்கு இழப்பீடு தர நான் பொறுப்பு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே அப்படித்தான் இருந்தது. கொடுத்ததை மேஸ்திரியிடம் திரும்பக் கேட்கவும் வழி உண்டு. ஆனால் வாரக்கூலியில் குடும்பம் நடத்துகிறவரிடம் போய் எதைக் கேட்பது?

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய பொறுப்பு போகவில்லை, சில இடங்களில் கூடியிருக்கிறது. என்னைப் போலப் பத்து இருபது ஆட்களை வைத்து வீடு கட்டித் தருபவர்களுக்காக, நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் ஆள் நோட்டு. கொத்தனார், பெரியாள், சித்தாள், கம்பி கட்டுபவர் என்று யார் வந்தாலும், யார் கூட்டி வந்தாலும், பெயர், வயது, தினக்கூலி, வீட்டில் ஒருவரின் போன் எண், ஆதார் நகல் எல்லாம் முதல் நாளே வாங்கிவிட வேண்டும். வயதை விடாதீர்கள். இழப்பீட்டுக் கணக்கே வயதை வைத்துத்தான். 30 வயதுக்காரர் இறந்தால், மாதக் கூலிக்கு 2020-இல் அறிவித்த 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி அதில் பாதியை, அந்த வயதுக்குரிய எண்ணான 207.98 ஆல் பெருக்குவார்கள். 15,59,850 ரூபாய் வரும். வயது குறையக் குறைய இந்தத் தொகை ஏறும்.

இவ்வளவு பணம் நம் கையில் ஏது? அதனால் பூமி பூஜைக்கு முன்பே பாலிசி எடுத்துவிடுகிறேன். ஏஜென்டிடம் வொர்க்மென் காம்பென்சேஷன் (தொழிலாளர் இழப்பீட்டு) பாலிசி என்று கேளுங்கள். அதோடு நிறுத்திவிட்டால் என்னைப் போல மாட்டிக்கொள்வீர்கள். சப்-காண்ட்ராக்டரின் ஆட்களும் அதில் அடங்குவார்களா, மருத்துவச் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். இரண்டையும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி தர வேண்டும் என்பது சட்டம். அந்தத் தம்பிக்கு நான் கட்டிய 1,80,000 ரூபாயில் பாலிசியிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை. பிரீமியத்தைக் குறைக்க ஆட்களையும் கூலியையும் குறைத்துக் காட்டாதீர்கள், கிளெய்ம் வரும்போது அதுவே இடிக்கும். இஎஸ்ஐ எனும் அரசின் தொழிலாளர் காப்பீடு உள்ள பகுதியில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால் அதையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் பதிவான தொழிலாளிக்கு இழப்பீடு அங்கிருந்தே வரும்.

பைக்கில் வேலைக்கு வரும் வழியில் விபத்து நடந்தாலும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால் அது வேலை நேர விபத்துதான். உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் இதைச் சொன்னது, புதிய சட்டத்திலும் எழுதியே இருக்கிறது. அதனால் என் சைட்டில் இப்போது யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று நோட்டில் ஏறுகிறது.

அடுத்தது கூலி. மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்து அவர் பிரித்துத் தராமல் போனால், நாம் மறுபடி கொடுக்க வேண்டிவரும். சனிக்கிழமை ஒவ்வொருவரின் கணக்குக்கும் நானே ஜிபே செய்துவிடுகிறேன். சில மேஸ்திரிகளுக்கு இதில் வருத்தம் உண்டு. அவர்களுடைய கமிஷனைத் தனியாகப் பேசி முடித்தால் சரியாகிவிடும். ஒருவரை நிறுத்தினாலும், அவரே நின்றாலும் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். கூலி பாக்கி என்று மூன்று வருடம் வரை மனு போடலாம் என்பதால் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்து செஸ், அதாவது கட்டடம் கட்டும்போது அரசுக்குச் செலுத்தும் தொழிலாளர் நல வரி. அது கட்டுமானச் செலவில் 1 சதவீதம். சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும் வீட்டுக்கு 10 லட்சமாக இருந்த விலக்கு வரம்பு இப்போது 50 லட்சம். செஸ்ஸை யார் செலுத்துவது என்பதை வீட்டுக்காரரோடு போடும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அந்தப் பணத்தில் நடப்பதுதான் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அரை நாள் விடுப்பு கொடுத்துப் பதிய வையுங்கள்.

அப்புறம், உயிரிழப்பே நடந்துவிட்டால். துக்க வீட்டில் பெரிய தொகையைக் கையில் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். இழப்பீட்டைத் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும், கையில் கொடுத்தது கணக்கில் ஏறாது. ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாவிட்டால் இழப்பீட்டில் பாதி வரை அபராதம். காரியச் செலவுக்குக் குடும்பம் தவிக்கும்போது மூன்று மாதக் கூலி வரை முன்பணமாகத் தரலாம். அதை மட்டும் அன்றைக்கே கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.