வலியை நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகு

என் மனைவிக்குப் புற்றுநோய், நான்காம் நிலை. டாக்டர் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடுவாள், ஆனால் ராத்திரி 2 மணிக்கு, நான் விழித்துவிடக் கூடாதே என்று தலையணையைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் படுத்திருப்பாள். ஒரு நாள் உறையில் பல் தடத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கே ஒரு நோட்டு போட்டேன். வலி எத்தனை மணிக்கு, 0 முதல் 10 வரை எவ்வளவு, எந்த மாத்திரை, எவ்வளவு நேரம் கேட்டது, அவ்வளவுதான். ஒரு வாரக் கணக்கைப் பார்த்ததும், அடுத்த வேளைக்கு முன்பே வலி திரும்புகிறது என்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்தின் அளவை மாற்றி, திடீர் வலிக்குத் தனியாக ஒரு மருந்தும் கொடுத்தார். முதன்முதலில் மார்ஃபின் என்றபோது முடிவு நெருங்கிவிட்டதோ என்று நடுங்கிப்போனேன். அப்படி இல்லை, வலி அதிகமாக இருந்தால் எந்தக் கட்டத்திலும் கொடுப்பார்கள். மார்ஃபின் எடுத்தால் மலச்சிக்கல் மட்டும் அநேகமாக எல்லோருக்கும் வரும், அதற்கான மருந்தை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள், நாங்கள் கேட்காமல் விட்டு அவள் 5 நாள் துடித்தாள்.

அப்புறம், கீமோ நடக்கும்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

இப்போது நோட்டை அவளே எழுதுகிறாள். இன்று காலை பார்த்தேன், ராத்திரி 2 மணிக்கு எதிரே "தூக்கம்" என்று எழுதியிருந்தாள்.