எடைமேடையில் எண்கள் மெல்ல ஏறி இறங்கியபோது

நான் அமைத்த எடைமேடையின் லோடு செல் (எடையை மின்னழுத்தமாக மாற்றும் உணரி) முழுச்சுமைக்கு 20 மில்லிவோல்ட்தான் தரும். அதைச் சாதாரண ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) ஒன்றால் 100 மடங்கு பெருக்கி, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசியால் நொடிக்கு 10 முறை மாதிரி எடுத்தபோது, மேடை வெறுமையாக இருந்தும் எண்கள் சுமார் பத்து நொடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கின. வெப்பத்தால் வரும் விலகல் என்றே நம்பினேன். மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்த பிறகே அது மின்சார இணைப்பிலிருந்து வரும் இரைச்சல் என்று புரிந்தது: 49.9 ஹெர்ட்ஸ் அலையை அந்த வேகத்தில் மாதிரி எடுத்தால் 0.1 ஹெர்ட்ஸ் அலையாகவே தோன்றும், உண்மையான எடை மாற்றத்திலிருந்து அதைப் பின்னர் பிரிப்பது மிகக் கடினம்.

ஆகவே, இரு உள்ளீடுகளிலும் ஒன்றுபோல ஏறும் இரைச்சலைத் தள்ளிவிடும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயரை வைத்து, ஏடிசிக்கு முன்னால் 100 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் கொண்ட லோ-பாஸ் ஃபில்டரையும் (மெதுவான மாற்றங்களை விட்டு, வேகமான அலைகளைக் குறைப்பது), ரெசிஸ்டர் பெரிது என்பதால் அதன்பின் ஏடிசி அந்த ஃபில்டரைப் பாதிக்காமல் காக்கும் ஒரு பஃபரையும் சேர்த்தேன். 1.6 ஹெர்ட்ஸில் வெட்டும் அந்த ஃபில்டர் மின்சார இணைப்பின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைச் சுமார் முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தது. எடை நிலைக்க அரை நொடி கூடுதலாகிறது.