47ஏ நோட்டீஸ் வந்துவிட்டதா? முதல் பதிலில் இருந்து மேல்முறையீடு வரை

கிரயம் முடித்து, இனிப்பெல்லாம் கொடுத்து முடித்த பிறகு ஒருநாள் தபாலில் ஒரு உறை வரும். உள்ளே ‘படிவம் 1’ என்று போட்டிருக்கும். நீங்கள் மனையைச் சதுர அடி 500 ரூபாய் என்று பத்திரத்தில் காட்டியிருக்கிறீர்கள், அங்கே 800 ரூபாய் போகும் என்று சார்பதிவாளர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி என்றால் உங்கள் கணக்கு 12 லட்சம், அவர் கணக்கு 19 லட்சத்து 20 ஆயிரம். இடையில் இருக்கும் 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, அதாவது 50,400 ரூபாய், இன்னும் கட்டச் சொல்வார்கள்.

இதைத்தான் தமிழ்நாட்டில் “பத்திரம் 47ஏ-வுக்குப் போயிருக்கு” என்கிறோம். இந்திய முத்திரைச் சட்டத்தில் 1967-ல் தமிழ்நாடு சேர்த்த பிரிவு இது. நடைமுறை விதிகள் 1968-ல் வந்தவை.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. கொடுத்த பணத்தை உண்மையிலேயே குறைத்து எழுதியிருந்தால் மேல்முறையீட்டுக்குப் போகாதீர்கள், வித்தியாசத்தைக் கட்டிவிடுங்கள். இந்தப் பதிவு நியாயமான விலை கொடுத்து வாங்கியும் மாட்டிக்கொண்டவர்களுக்கானது.

படி 1: படிவம் 1-ல் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்த பிறகுதான் தனித் துணை ஆட்சியருக்கு (முத்திரைகள்) அனுப்ப முடியும். படிவம் 1 இந்தத் துணை ஆட்சியரிடம் இருந்து வருவது. பத்திரத்தை அப்படி அனுப்ப, மதிப்பு குறைத்துக் காட்டப்பட்டது என்று நம்புவதற்குச் சார்பதிவாளரிடம் காரணம் இருக்க வேண்டும். “வழிகாட்டி மதிப்பை (அந்த இடத்துக்கு அரசு குறித்து வைத்திருக்கும் மதிப்பு) விடக் குறைவு” என்பது மட்டுமே போதாது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில், படிவம் 1-ல் காரணமே சொல்லாமல் விசாரணை நடத்தியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் நோட்டீஸில் காரணம் எழுத வேண்டிய இடம் காலியாகவோ, அச்சடித்த ஒற்றை வரியாகவோ இருந்தால் அதை முதல் ஆட்சேபணையாகவே எழுதுங்கள்.

படி 2: அந்த 21 நாள்

எழுத்து மூலம் பதில் கொடுக்க 21 நாள் தருவார்கள். என் அனுபவத்தில் மேல்முறையீட்டின் முடிவு பெரும்பாலும் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. மேலே போகும்போது அதிகாரி புரட்டிப் பார்ப்பது இந்தக் கோப்பைத்தான். இதில் ஒன்றும் இல்லை என்றால் மேலே பேசுவதற்குப் பிடி கிடைப்பது கடினம்.

எங்கள் சித்தப்பா வாங்கிய நிலத்துக்கு இப்படித்தான் ஆனது. ஒரே புல எண். முன்பக்கம் தார்ச்சாலையைத் தொடுகிறது, அவர் வாங்கியது பின்பக்கத்து உட்பிரிவு. நடுவில் ஒரு ஓடை. மழைக்காலத்தில் வண்டி போகாது, வரப்பு மேல் நடந்துதான் போக வேண்டும். ஆனால் புல எண் ஒன்று என்பதால் சாலையோர மனையின் மதிப்பையே இதற்கும் போட்டுவிட்டார்கள். படித்தவர்தான், ஆனாலும் “ஆபீசில் கேட்டுக்கலாம்” என்று நோட்டீஸை மடித்து நாட்காட்டிக்குப் பின்னால் செருகிவிட்டார். பதில் போகவில்லை.

போயிருந்தால் என்ன வைத்திருக்கலாம்? புலப்பட நகல் (எஃப்எம்பி) ஒன்று எடுத்து, சாலைக்கும் நிலத்துக்கும் உள்ள தூரத்தைச் சிவப்புப் பேனாவில் குறித்திருக்கலாம். அதோடு பட்டா, சிட்டா, அடங்கல். ஓடை தெரிகிற மாதிரி நாலு போட்டோ. எல்லாவற்றையும் விட முக்கியமானது, பக்கத்து உட்பிரிவுகள் அதே காலத்தில் என்ன விலைக்குக் கைமாறின என்பது. வில்லங்கச் சான்று போட்டு அந்தப் பத்திர எண்களைக் கண்டுபிடித்து, சான்றிட்ட நகல் வாங்கி இணைக்க வேண்டும்.

இவற்றைச் சும்மா சொல்லவில்லை. மதிப்பு நிர்ணயிக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 1968 விதிகளின் 5-ம் விதியே பட்டியல் போட்டிருக்கிறது. விவசாய நிலம் என்றால் நஞ்சையா, புஞ்சையா, மானாவாரியா, தரம் என்ன, சாலையும் சந்தையும் எவ்வளவு தூரம், நில மட்டம், பாசன வசதி, அக்கம்பக்கத்து நில மதிப்பு. மனை என்றால் பேருந்துத் தடம், கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பக்கமா என்பது. கட்டடம் என்றால் கட்டிய ஆண்டும் தேய்மானமும். உங்கள் பதிலை இந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

படி 3: இடப் பார்வையும் உத்தரவும்

நிலத்தைப் பார்க்க வருவதாக இருந்தால் உங்களுக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும். கட்டாயம் கூடப் போங்கள். பின்னர் படிவம் 2-ல் உத்தேச மதிப்பு வரும். ஆட்சேபணை கேட்டு, இறுதி உத்தரவு போடுவார்கள். முதல் நோட்டீஸில் இருந்து மூன்று மாதத்துக்குள் உத்தரவு வர வேண்டும் என்பது விதி.

படி 4: பதிவுத்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு

இறுதி உத்தரவில் குறை இருந்தால் 47ஏ(5)-ன் கீழ் பதிவுத்துறைத் தலைவருக்கு மேல்முறையீடு செய்யலாம். அவருடைய அலுவலகம் சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. கெடு இரண்டு மாதம். உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

மனுவில் “மதிப்பு அதிகம்” என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. நீங்கள் கொடுத்த எந்த ஆதாரத்தை உத்தரவு கண்டுகொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாகச் சுட்ட வேண்டும். உங்களுக்குக் கைகொடுக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில உண்டு. வழிகாட்டி மதிப்பு முதல் பார்வைக்கான ஒரு கணக்குதான், அதுவே முடிந்த முடிவு அல்ல என்று 2003-ல் டான்சி (தமிழ்நாடு சிறுதொழில் கழகம்) நில வழக்கில் சொன்னது. நல்ல குடியிருப்புக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு சொத்துக்கு அந்தக் குடியிருப்பின் விலை வந்துவிடாது என்று 1996-ல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் சொன்னது. வாங்கிய நாளில் சொத்து எப்படிப் பயன்பட்டது என்பதே கணக்கு, பிறகு அங்கே கடை வந்ததை வைத்து மதிப்புப் போடக் கூடாது என்று 2012-ல் லக்னோ வழக்கில் சொன்னது.

எதிராக வரக்கூடிய ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து வருடம் முன்பு போட்ட கிரய ஒப்பந்த விலையைக் காட்டி “அப்போது பேசிய விலை இது” என்றால் நிற்காது. பத்திரம் எழுதும் நாளின் சந்தை மதிப்புதான் கணக்கு என்பது 2007 தீர்ப்பு.

படி 5: உயர் நீதிமன்றம்

பதிவுத்துறைத் தலைவரின் உத்தரவும் சரியில்லை என்றால் 47ஏ(10)-ன் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ சி.எம்.ஏ. (சிவில் மிசலேனியஸ் அப்பீல் என்ற வகை மேல்முறையீடு) போடலாம். இதற்கு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்லாத உத்தரவு, அறிவிக்காமல் நடந்த இடப் பார்வை, தொடர்பில்லாத பத்திரத்தோடு ஒப்பிட்டது போன்றவையே அங்கே எடுபடும்.

சித்தப்பாவின் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. மேல்முறையீட்டில் புலப்படத்தையும் பக்கத்து உட்பிரிவின் இரண்டு பத்திர நகல்களையும் வைத்தோம். ஓடையைத் தாண்டிப் பார்த்து மறுபடி விசாரிக்கும்படி கோப்பு கீழே திரும்பியது. இந்த முறை நோட்டீஸ் வந்த நாலாம் நாளே பதில் போய்விட்டது.