காரைக்குடிப் பக்கம் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பால்வாடி, எல்.கே.ஜி. தேடுவது எப்படி

"பேச்சு வரட்டும், அப்புறம் பள்ளிக்கூடம் பார்க்கலாம்" என்று அப்பத்தாவும் ஆயாவும் (அம்மாவின் அம்மா) ஒருசேரச் சொன்னாலும், இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். வீட்டிலேயே வைத்துக் காத்திருப்பதால் பேச்சு வந்துவிடாது. ஊனச் சான்றிதழ் கைக்கு வரட்டும் என்றும் இருக்க வேண்டாம். பால்வாடியில் சேர்க்க அது தேவையில்லை.

எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் பள்ளியைச் செட்டிநாட்டில் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர்; மூன்று வயதுப் பிள்ளையைத் தினமும் கூட்டிப்போய் வர முடியாது. தினம் இரண்டு மூன்று மணி நேரம் உள்ளூரில், வாரம் ஓரிரு நாள் தெரபி (பேச்சு போன்ற பயிற்சிகள்) என்று பிரித்துப் போட்டால்தான் இங்கே நடக்கும்.

முதலில் மதிப்பீடு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். "மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம்" என்று முழுப்பெயர் சொன்னால் பாதிப்பேருக்குப் புரியாது. திருமயம், பொன்னமராவதிப் பக்கத்துக்காரர்களுக்குப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி. கட்டணம் கிடையாது. ஆனால் பேச்சுப் பயிற்சியாளர் எந்தக் கிழமை இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். குழந்தை மருத்துவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. கையில் இரண்டு நிமிட வீடியோ இருக்கட்டும்: பெயர் சொல்லிக் கூப்பிடும்போது என்ன செய்கிறது, தனியாக எப்படி விளையாடுகிறது. ஆஸ்பத்திரிச் சத்தத்தில் பிள்ளை வீட்டில் இருப்பதுபோல் இருக்காது.

இனி இடம். பால்வாடியை ஏளனமாக நினைக்காதீர்கள். வீட்டுக்குப் பக்கம், கட்டணம் இல்லை, ஆட்டமும் பாட்டும்தான் பாடம், எழுதச் சொல்லி யாரும் பென்சிலைத் திணிப்பதில்லை. பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கே வரும். மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்வதற்கென்றே மத்திய அரசு 2023இல் வழிமுறை வெளியிட்டிருக்கிறது. டீச்சர் தயங்கினால் அதைச் சொல்லுங்கள், சண்டையாக அல்ல. ஒரே டீச்சர், ஒரே உதவியாளர் என்பதுதான் அங்கே குறை. முதல் சில வாரம் வீட்டிலிருந்து ஒருவர் கூட உட்கார வேண்டியிருக்கும்.

தனியார் நர்சரி என்றால் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எல்.கே.ஜி.க்கு விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறன் குழந்தைகள் அதில் சிறப்புப் பிரிவு. இதற்குச் சான்றிதழ் வேண்டும். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பம் திறப்பார்கள், சில ஆண்டுகளில் தள்ளிப்போகும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி, ஆட்டிசம் என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது. ஆனால் சட்டத்தைக் காட்டி உள்ளே நுழைந்த பிள்ளையை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டால் என்ன பயன்? அதனால் போய்ப் பார்ப்பதுதான் முக்கியம்.

பத்தரை மணிக்குப் போங்கள். இடைவேளை விட்டு வகுப்புக்குத் திரும்பும் நேரம்தான் ஒரு பள்ளியின் உண்மை தெரியும் நேரம். பழைய வளவு வீட்டை (நடுவில் முற்றம் வைத்த செட்டிநாட்டு வீடு) நர்சரியாக்கியிருந்தால், நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். உயர்ந்த கூரையும் ஆத்தங்குடிக் கல் தரையும் சேர்ந்து சத்தத்தைத் திருப்பி அடித்தால், காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அந்தக் கூடம் ஆகாது. பாய் விரித்த சின்ன அறை இருக்கிறதா என்று கேளுங்கள். அழும் பிள்ளையை டீச்சர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லது. "வெளியே போ" என்றாலோ, பிரம்பு மேசையில் இருந்தாலோ அடுத்த இடம் பாருங்கள்.

பிறகு வாசல் கேட்டைப் பாருங்கள். இதை யாரும் சொல்வதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சொல்லாமல் நழுவி ஓடுவதும், தண்ணீரைப் பார்த்தால் நேரே போவதும் அதிகம். நம் ஊர்களில் ஊருணி இல்லாத தெரு குறைவு. கேட்டின் தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். வேனிலிருந்து இறக்கும்போது ஒருவர் கைபிடித்து உள்ளே விட வேண்டும். இந்த இரண்டுக்கும் "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் சேர்க்காதீர்கள்.

இடம் முடிவானதும் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். "ஆட்டிசம், மிதமானது" என்பதால் டீச்சருக்கு ஒன்றும் ஆகாது. "தண்ணீர் கேட்கத் தெரியாது, நம் கையைப் பிடித்துக் குடத்தின் மேல் வைப்பான். மதியம் வெள்ளைப் பணியாரம் மட்டும் சாப்பிடுவான், சட்னி தொட்டால் தட்டைத் தள்ளிவிடுவான். பாத்ரூம் வந்தால் டிரவுசரை இழுப்பான்." இப்படி எழுதினால் முதல் நாளே உதவும். சீருடையைத் துவைத்து, கழுத்துப் பட்டியில் உள்ள துணிச் சீட்டை வெட்டி, வீட்டில் சில நாள் போட்டுப் பழக்குங்கள். வாசல், டீச்சர், உட்காரும் இடம், சாப்பிடும் இடம் நான்கையும் போனில் படமெடுத்து அச்சிட்டுக் காலையில் வரிசையாகக் காட்டுங்கள்.

முதல் வாரம் அரை மணி நேரம் போதும். அழத் தொடங்குமுன் கூட்டி வந்துவிட வேண்டும். அழுத பிறகு கூட்டி வந்தால் அழுதால் வீட்டுக்குப் போகலாம் என்று படித்துக்கொள்ளும். பிறகு வாரத்துக்கு அரை மணி கூட்டுங்கள். கோயில் திருவிழா, ஆண்டு விழா ஒத்திகை வரும் வாரங்களில் ஒலிபெருக்கி அலறும். அப்போது நேரத்தைக் குறைத்தால் தப்பில்லை.

உதவிக்குத் தனி ஆள் வைத்தால் பள்ளியின் சம்மதத்தோடு வையுங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வித் துறை இருக்கிறது. படித்து வெளியே வந்தவர்கள் கிடைப்பார்களா என்று அங்கே விசாரிக்கலாம். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் யாரானாலும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாதவர், முற்றிலும் குணமாக்குவேன் என்பவர், தெரபி அறைக்குள் பெற்றோரை விடாதவர் யாரிடமும் பணம் கட்டாதீர்கள்.

சான்றிதழ் வேலை பக்கத்திலேயே நடக்கட்டும். யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) தளத்தில் விண்ணப்பித்தால் மருத்துவக் குழு மதிப்பிடும். சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான், முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். அது வந்ததும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் அதற்குள் தனி உச்சவரம்போடு கிடைக்கும். பில்லில் பதிவு எண்ணும் தேதியும் இல்லாவிட்டால் திருப்பிவிடுவார்கள்.

ஐந்து வயது நெருங்கும்போது பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் பெயரைப் பதியுங்கள். காரைக்குடிக்குச் சாக்கோட்டை ஒன்றியம். தேவகோட்டை, கல்லல் தனித்தனி. மாற்றுத்திறன் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க உதவும் உள்ளடக்கிய கல்விச் சிறப்பாசிரியர் அங்கேதான் இருப்பார். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பிறகு போவதைவிட, சேருமுன்னரே போனால் எந்தப் பள்ளிக்கு அவர் எத்தனை முறை வருகிறார் என்று கேட்டு, அதை வைத்தே பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம்.