மென்பொருள் சந்தாவை ரத்து செய்வது எப்படி? முதலில் கணக்கு, பிறகு கடிதம், கடைசியில் பணம்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசனை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை தலை நிமிர நேரம் இருக்காது. காவேரிப்பட்டணத்தில் என் சித்தப்பா மாங்காய் ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட், அட்டைப்பெட்டி, கயிறு விற்கிறார். ஒரு சீசன் தொடக்கத்தில் பில் போடும் மென்பொருளை ஆண்டுச் சந்தாவில் வாங்கினார். ஐந்து பேர் பயன்படுத்தும் திட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவணை தானாகப் போய்விடும். சீசன் முடிந்தால் கடையில் பில் போட ஒரே ஆள்தான். அடுத்த ஏப்ரலில், கூட்டத்துக்கு நடுவே, ஒப்பந்தம் தானாக இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

தெரியவந்ததும் ஆட்டோபேயை ரத்து செய்தார். "பணம் போகாவிட்டால் உறவும் முடிந்தது, அவ்வளவுதானே?" என்றார். அடுத்த தவணை தவறியதும் லாகின் பூட்டப்பட்டது. மாத விற்பனை விவரத்தைக் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய வேண்டிய 11ஆம் தேதிக்கு நான்கு நாள் இருக்கையில், முந்தைய மாத பில்கள் அத்தனையும் உள்ளே மாட்டிக்கொண்டன. அந்தத் தவணையைக் கட்டித்தான் மீட்டோம். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததால் வந்த வினை அது. புதிதாகக் கடை நடத்தும் ஒருவருக்கும் இது நேரக் கூடாது என்பதால் வரிசைப்படி எழுதுகிறேன்.

முதல் படி: தேதியைக் கண்டுபிடியுங்கள்

"நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே" என்று பலர் சொல்கிறார்கள். முதல் லாகின் நாளில் "ஏற்கிறேன்" என்று அழுத்தினீர்கள் அல்லவா? அதுவும் ஒப்பந்தம்தான். மின்னணு வழியில் செய்தது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. வாங்கிய நாளில் வந்த மின்னஞ்சலைத் தேடியெடுத்து, சந்தா எந்தத் தேதியில் முடிகிறது, தானாகப் புதுப்பிக்கப்படுமா, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், எந்த முகவரிக்குச் சொல்ல வேண்டும் என்று பாருங்கள்.

புதுப்பிக்கும் நாள் ஏப்ரல் 10, முன்னறிவிப்பு 30 நாள் என்றால் மார்ச் 11 கடைசி நாள். நான் பிப்ரவரி முடிவதற்குள் அனுப்பச் சொல்வேன். மாமரம் பூத்திருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். காய் இறங்கத் தொடங்கினால் யாருக்கும் நினைவிருக்காது.

இரண்டாம் படி: கணக்கை வெளியே எடுங்கள்

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2024-25 நிதியாண்டின் ஆண்டு ரிட்டர்னுக்குக் கெடு 31 டிசம்பர் 2025. ஆக, அந்த ஆண்டின் பில்கள் 2031 டிசம்பர் முடியும்வரை உங்களிடம் இருக்க வேண்டும். மென்பொருள் நிறுவனம் அதுவரை வைத்திருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

விற்பனை பில்கள் அனைத்தையும் பிடிஎஃப் ஆக இறக்குங்கள். விற்பனைப் பதிவேடு, கொள்முதல் பதிவேடு, கிரெடிட் நோட்டு, டெபிட் நோட்டு (பில் தொகையைக் குறைக்கவும் கூட்டவும் போடும் சீட்டுகள்), சரக்கு இருப்பு, யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் ஆகியவற்றை எக்செல் கோப்பாக எடுங்கள். வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில் பதிந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. சிஎஸ்வி கோப்பாக எடுத்து எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாக மாறிவிடுவது உண்டு. எக்செல் வடிவத்திலேயே எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

எடுத்ததை வேறு கணினியில் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு மாதத்தின் மொத்த விற்பனையைக் கூட்டி, அந்த மாதம் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 தொகையோடு ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம். பென்டிரைவில் ஒரு பிரதி, ஆடிட்டரிடம் ஒரு பிரதி.

மூன்றாம் படி: எழுத்தில் சொல்லுங்கள்

விற்பனைப் பிரதிநிதியிடம் போனில் சொன்னது கணக்கில் வராது. ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு, நீங்கள் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். இவ்வளவு போதும்:

"எங்கள் வாடிக்கையாளர் எண் ____. ஏப்ரல் 10 அன்று முடியும் சந்தாவைப் புதுப்பிக்க எங்களுக்கு விருப்பமில்லை. இதை ஒப்பந்தப்படியான முன்னறிவிப்பாக ஏற்றுக்கொள்ளவும். அந்தத் தேதிக்குப் பிறகு எந்தக் கட்டணமும் எடுக்க வேண்டாம். ரத்து செய்ததை எழுத்தில் உறுதிசெய்து, இறுதிக் கணக்கை அனுப்பவும்."

காரணம் எழுதத் தேவையில்லை. எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சு நீளும். மூன்று நாளில் பதில் வராவிட்டால் அதே கடிதத்தை அச்சிட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு போன் வரும், தள்ளுபடி சொல்வார்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது சிறிய திட்டம்தான் என்றால் கேட்டுப் பாருங்கள். சித்தப்பாவுக்கு ஐந்து பேருக்குப் பதில் ஒருவர் திட்டம் போதுமாக இருந்தது. எதற்குச் சம்மதித்தாலும் அது மின்னஞ்சலில் வர வேண்டும்.

ஒப்பந்தக் காலத்தின் நடுவே வெளியேறினால் மீதி மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் கேட்கலாம். மிரண்டு உடனே கட்டிவிடாதீர்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. தொகை பெரிதென்றால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

நான்காம் படி: இப்போது பணத்தை நிறுத்துங்கள்

உறுதிக் கடிதம் வந்த பிறகுதான் இது. யுபிஐ வழியாகப் போனால் அந்தச் செயலியின் ஆட்டோபே பகுதியில் ரத்து செய்யலாம். கார்டு என்றால் வங்கியின் செயலியிலோ இணையதளத்திலோ செய்யலாம். நாச் மேண்டேட் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதி) என்றால் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுப்பதே எனக்குப் பிடித்த வழி. கார்டிலிருந்து தானாக எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சித்தப்பாவுக்கும் அந்தக் குறுஞ்செய்தி வந்திருந்தது. லாரியில் சரக்கு ஏற்றும் நேரம், பார்க்கவில்லை.

பணம் திரும்ப வந்தால் அதற்குக் கிரெடிட் நோட்டு கேளுங்கள். சந்தாவுக்குக் கட்டிய 18% ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால், திரும்பி வந்த பகுதிக்குரிய வரவை ஆடிட்டர் திருப்ப வேண்டியிருக்கும்.

ரத்து செய்ய வழியே காட்டாமல் சுற்றவிடும் நிறுவனங்களும் உண்டு. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைச் "சந்தாப் பொறி" என்றே வகைப்படுத்தித் தடுக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வணிகத்துக்காக வாங்கியது என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். சுயதொழிலால் பிழைப்பு நடத்த மட்டுமே பொருள் வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நுகர்வோராகவே கருதுகிறது. சிறு கடைக்காரர்கள் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

புதிய மென்பொருளுக்கு மாறும்போது பில் எண்ணைக் கவனியுங்கள். ஒரே நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது. எண் 16 எழுத்துகளைத் தாண்டவும் கூடாது. பழையது 412இல் நின்றிருந்தால் 413இல் தொடங்குங்கள், அல்லது முன்னால் வேறு எழுத்தைச் சேர்த்துப் புது வரிசை தொடங்கி ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 11 அன்று காலையில் கடை திறந்ததும் வங்கிக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.